புரோக்கர் பற்றுச்சீட்டு கொடுப்பதில்லை

வாழ்நாள் முழுவதும் மற்றவர்களிடம் கடன் வசூலித்துப் பிழைத்த நான், சென்ற மாதம் காலி வீதியில் ஓடிய பஸ்ஸொன்றின் கம்பியில் தொங்கியபடி, எனக்கு இல்லவே இல்லாத ஒரு கடனுக்குத் தவணை கட்டினேன்.

வெள்ளவத்தைச் சந்தையடியில் ஏறியவன். ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு, மறு கையில் கம்பி, சட்டைப்பையில் தொலைபேசி. ஓய்வுபெற்ற பிறகு காது கொஞ்சம் மந்தம் என்பதால் தொலைபேசியின் சத்தத்தை உச்சத்தில் வைத்திருப்பேன். அடித்தது, எடுத்தேன்.

“சேர், லீகல் டிப்பாட்மென்டில இருந்து கதைக்கிறன். உங்கட கிரெடிட் காட் காசு மூண்டு மாசமா நிலுவை. இண்டைக்குள்ள கட்டாட்டி வீட்டுக்கு ஆக்கள் வருவினம்.”

அந்தக் கடனட்டையை ஓய்வுபெறும்போதே இரண்டாக வெட்டிக் கொடுத்து, கணக்கை மூடி, மூடியதற்குக் கடிதமும் வாங்கியவன் நான். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றவர் எங்கள் தொடர்மாடிக் குழுவின் செயலாளர். மனுசன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. போனில் ஒருவன் அதட்டுவது அவருக்குக் கேட்டது நிச்சயம். என்ன சொல்லி அதட்டுகிறான் என்பது விளங்கியதோ இல்லையோ, விளங்கியதாகவே எனக்குப் பட்டது. “ஓம் தம்பி, ஓம், அனுப்பிவிடுறன், மெல்லமாக் கதையும்” என்றேன். முருங்கைக்காயைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, அவன் சொன்ன கணக்கிலக்கத்துக்கு, பம்பலப்பிட்டி வருமுன் தொலைபேசியாலேயே பணத்தை அனுப்பி முடித்தேன். என் உத்தியோக காலத்தில் இவ்வளவு விரைவாகக் கட்டிய கடனாளி ஒருவரை நான் கண்டதில்லை.

அடுத்த நாள் வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்பிடி ஒரு காட் உங்கட பேரில இல்லை அங்கிள். உது கள்ளக் கோல்.” காசு போனதைவிட அந்த ‘அங்கிள்’ கூடச் சுட்டது.

எனக்குக் கீழ் வேலை பார்த்த தர்ஷினி இப்போது புதிய உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, அனுதாபம் வரும் என்று எதிர்பார்த்தேன். “இதை எழுதுங்கோ சேர்” என்றாள். “முந்தி நீங்கள் புத்தி சொன்னா ஒருத்தரும் கேக்கிறதில்லை. இப்ப ஏமாந்தவர் சொல்லுறார் எண்டு கேப்பினம்.”

ஆகவே எழுதுகிறேன், கோபத்தோடுதான். அந்தக் கள்ளன் மேல் உள்ள கோபம் அதில் ஒரு சிறு பங்கு. அவன் அந்தக் குரலைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. உண்மையான கடனுக்கு உண்மையான வசூல் கம்பனிகள் நாள்தோறும் அதே குரலில், அதே வசனத்தைச் சொல்வதால்தான் அது அவனுக்கு இலவசமாகக் கிடைத்தது. வசூலிக்க வருகிறவன் மரியாதையாகக் கதைக்கிற ஊரில், அதட்டுகிறவன் கள்ளன் என்று குழந்தைக்கும் விளங்கும். நாங்கள் அந்த வித்தியாசத்தை அழித்துப்போட்டு, பிறகு மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சுவரொட்டி அடிக்கிறோம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை ஒரு பந்திக்கு மேல் பெறாது. வர்த்தகப் பிரிவில் படித்தேன். பல்கலைக்கழகம் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு நிதிக் கம்பனி கூப்பிட்டது. லீசிங்கில் வாகனம் எடுத்துவிட்டுத் தவணை தவறியவர்களைத் தேடிப்போகும் பகுதி. முதல் சில வருடங்களில் கொழும்பின் மாடிப்படிகள் எல்லாவற்றையும் ஏறி இறங்கினேன். நாய்களுக்கு என்னைப் பிடிக்காது என்பதும், எனக்கு மனிதர்களைப் பிடிக்கும் என்பதும் தெரியவந்தன. இரண்டாவது, இந்தத் தொழிலுக்கு ஒரு குறைபாடு.

அதைக் குறைபாடு என்று சொல்லாதவர் நிஸ்தார் சேர் ஒருவர்தான். எங்கள் பகுதித் தலைவர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, குரலை ஒருநாளும் உயர்த்தாத மனுசன். அவர் கடனாளிக்குப் போன் எடுப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் தன் பெயர், பிறகு கம்பனியின் பெயர், பிறகு, “இப்ப பேச வசதியா? பக்கத்துல ஆராச்சும் இரிக்காங்களா?” இருக்கிறார்கள் என்றால், எப்போது எடுக்கலாம் என்று கேட்டு வைத்துவிடுவார். புதிதாக வந்த எங்களுக்கு அது பகிடியாக இருந்தது. கடன்காரனிடம் நேரம் கேட்கிறாராம்!

“பக்கத்துல ஆள் இரிக்கக்க பேசினா அவன் ஓம் எண்டுதான் செல்லுவான்” என்றார் ஒருநாள். “அந்த ஓம் சல்லிக்கு ஒதவாது. வெக்கத்துல செல்லுற ஓமுக்கு அடுத்த மாசம் உசிர் இரிக்காது.”

வீட்டுக்குப் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நிற்க வேண்டும். அடையாள அட்டையை அவர்கள் கேட்குமுன் காட்ட வேண்டும். கம்பனியின் பொது இலக்கத்துக்குப் போன் எடுத்து என்னைப் பற்றி விசாரியுங்கள் என்று நாமே சொல்ல வேண்டும். அதுவும் நம் அட்டையில் உள்ள இலக்கம் அல்ல, அவர்களிடம் உள்ள லீசிங் ஒப்பந்தத்தில் அச்சடித்திருக்கும் இலக்கம். தேத்தண்ணி குடிக்கக் கூடாது. “குடிச்சா நீங்க விருந்தாளி. விருந்தாளிக்கிட்ட ஐடி கேக்க நம்மட ஆக்களுக்கு மனசு வராது.”

பிறகுதான் கணக்கு. எவ்வளவு கட்ட முடியும் என்று அவர் கேட்கமாட்டார். அரிசி, வாடகை, பிள்ளைகளின் படிப்பு, மருந்து எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று கேட்பார். சொன்ன தொகையிலும் கொஞ்சத்தைக் குறைப்பார். குறைத்த தொகையை, எத்தனை மாதத்துக்கு, வட்டிக்கு என்ன நடக்கும், வாகனம் அவர்களிடமே இருக்குமா என்பதோடு சேர்த்துக் கம்பனிக் கடிதமாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பார். அந்தக் கடிதம் கடனாளியின் கைக்குப் போய்ச் சேருமுன் ஒரு சதமும் வாங்கக் கூடாது. வாங்குவதும் கையில் அல்ல. வங்கியில், கம்பனியின் பெயரில் உள்ள கணக்குக்கு, ஒப்பந்த இலக்கத்தைப் போட்டு. மிகவும் ஏலாத வயோதிபர் என்றால் மட்டும் கையில். அதற்கும் விதி உண்டு: “ரசீதுப் புத்தகம் மேசைக்கு வந்த பொறகுதான் சல்லி மேசைக்கு வரணும்.”

இதெல்லாம் கடனாளியைக் காப்பாற்ற என்று நான் நினைத்திருந்தேன். கம்பனியைக் காப்பாற்றவும்தான் என்று விளங்கியது சுகந்தியின் வழக்கில்.

சுகந்திக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வீடு. புருசன் முதுகு நோவில் படுக்கை. கல்யாணமாகாத தங்கச்சியும் கூடவே. விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்து, சம்பலும் சொதியும் கட்டி, லீசிங்கில் எடுத்த சின்ன வான் வண்டியில் லொட்ஜுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வானை ஓட்டுவதும் அவள்தான். எரிபொருளுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் வானும் வரிசையில் நின்றது, லொட்ஜுகளும் வெறுமையாகின, தவணையும் தவறியது. கோப்பு என்னிடம் வந்தது.

முதல் நாள் போனபோது, நிஸ்தார் சேரின் ஒழுங்குப்படி தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நின்றேன். பின்னால் நின்றதுதான் வினை. முதுகுக்குப் பின்னால் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பர்வதம் அக்கா. அறுபது வயதிருக்கும். அந்த மாடியில் அவருக்குத் தெரியாமல் ஒரு காஸ் சிலிண்டர்கூடப் படியேறாது.

“ஆர் பிள்ளை இது?” என்றார் என் தலைக்கு மேலால்.

கதவைத் திறந்த சுகந்தி என்னைப் பார்த்தாள், என் கக்கத்தில் இருந்த கோப்பைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்குமுன் சொன்னாள்: “தங்கச்சிக்குப் பேசுற புரோக்கர் அக்கா.”

உள்ளே தங்கச்சி சிரித்த சத்தம் கேட்டது. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. ஆங்கிலத்தில் பெரிய பதவிப் பெயர் அச்சடித்த அட்டை சட்டைப்பையில் கிடக்க, நான் கலியாணப் புரோக்கர்! ஆனால் கடனாளியின் கதையை அயலுக்குச் சொல்லக் கூடாது என்பதும் விதி. பேசாமல் உள்ளே போனேன். கணக்குப் பார்த்தோம். அரிசிமா, தேங்காய், காஸ், வாடகை, புருசனின் மருந்து. மிஞ்சியதில் கொஞ்சம் குறைத்தோம்.

அலுவலகம் திரும்பி நிஸ்தார் சேரிடம் முறையிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “பேர் என்ன வேணுமெண்டாலும் செல்லட்டும். கடிதம் குடுத்தீங்களா?”

“நாளைக்குக் குடுப்பன் சேர்.”

“குடுத்துட்டு, புரோக்கர்மார் என்ன எடுக்கிறாங்க எண்டும் கேட்டுட்டு வாங்க. நம்மட சம்பளத்த விடக் கூட இரிக்கும்.”

கடிதம் கொடுத்தேன். சுகந்தி மாதாமாதம் வங்கியில் கட்டினாள், தவறாமல். இரண்டு மூன்று தடவை நிலைமையைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு முறையும் பர்வதம் அக்கா கதவைத் திறந்தார். அவருக்கு ஒரு மகன்; பெயர் குகன்; நல்ல உத்தியோகம்; வயது மட்டும் போய்க்கொண்டிருந்தது. “ஐயா, இந்தக் குறிப்பையும் ஒருக்காப் பாருங்கோவன்” என்று சாதகத்தை நீட்டுவார். “நான் இப்ப புதுசா எடுக்கிறதில்லை அம்மா” என்று குடையை விரிக்காத குறையாக ஓடிவருவேன்.

பிறகு நிஸ்தார் சேர் ஓய்வுபெற்றார். கம்பனிக்குப் புதிய மேலாளர் வந்தார். வீடு வீடாகப் போவது வீண்செலவு என்று கண்டுபிடித்தார். நிலுவைக் கோப்புகளையெல்லாம் ஒரு வெளி வசூல் கம்பனிக்குக் கொடுத்தார்; வசூலித்ததில் அவர்களுக்குப் பங்கு. என்னை மேல்மாடியில் ஒரு மேசைக்கு ஏற்றினார். வேலை அறிக்கை எழுதுவது. சுகந்தியின் கோப்பும் அவர்களிடம் போனது. ஒழுங்காகக் கட்டுகிறவளின் கோப்பு ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். “சிஸ்டம்ல அரியர்ஸ் எண்டு இருக்கு, போயிட்டுது” என்றார். நிஸ்தார் சேரின் கடிதத்தை வாசிக்கச் சிஸ்டத்துக்குக் கண் இல்லை.

அதன் பிறகு அந்த மூன்றாம் மாடியில் நடந்ததை, நடந்து மாதங்கள் கழித்துத்தான் அறிந்தேன்.

மோட்டார் சைக்கிளில் ரொஷான் என்று ஒரு பொடியன் வந்திருக்கிறான். வாசனைத் திரவியம், கையில் இரண்டு போன். தட்டினான். வழக்கம்போல எதிர்க்கதவு திறந்தது. “புதுப் புரோக்கரோ?” என்றார் பர்வதம் அக்கா.

பொடியன் கெட்டிக்காரன். அந்த ஒரு கேள்வியில் முழு வீட்டையும் வாசித்துவிட்டான். “ஓம் அம்மா, பழைய ஐயாவுக்குப் பதிலா இனி நான்தான்” என்று சொல்லி உள்ளே போய், சுகந்தியிடம் குரலைத் தாழ்த்தியிருக்கிறான்.

“அக்கா, நான் உள்ளதைச் சொல்லட்டோ, இல்லாட்டிப் புரோக்கராவே இருக்கட்டோ?”

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மேசையில் அடிக்கவில்லை. பயிற்சிக் கையேடுகளில் ‘மிரட்டல்’ என்ற தலைப்பின் கீழ் வரும் எதையும் செய்யவில்லை. அவளுடைய மானத்தை அவளுக்கே வாடகைக்கு விட்டான், அவ்வளவுதான்.

வங்கியில் கட்டுவது இனிச் செல்லாது, கோப்பு எங்களிடம், காசு கையில் என்றிருக்கிறான். சுகந்தி கொடுத்திருக்கிறாள். பற்றுச்சீட்டு கேட்கவும் ஒருமுறை வாயெடுத்திருக்கிறாள். அப்போது பர்வதம் அக்கா தேத்தண்ணியோடு உள்ளே வந்து கதிரையில் இருந்திருக்கிறார். ரொஷான் அவரைப் பார்த்து, பிறகு சுகந்தியைப் பார்த்துச் சிரித்தானாம். “புரோக்கர் ரிசீட் குடுக்கிறதில்லையே அக்கா.”

பர்வதம் அக்காவும் சிரித்தாராம். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும்.

வானை ஒரு காலையில் பறித்தார்கள். லொட்ஜ் வாசலில் அவள் ஒரு தட்டை இறக்கிக்கொண்டு உள்ளே போய் வெளியே வருவதற்குள், இரண்டு பேர் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்ச இடியப்பம் முழுவதும் வானுக்குள். சம்பல், சொதி, வாளி எல்லாம். கம்பனியின் வாகன முற்றம் தெமட்டகொடைப் பக்கம். அவள் முச்சக்கர வண்டி பிடித்துப் போய், வானைத் தராவிட்டாலும் தட்டுகளையாவது தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். காவல்காரர் நல்ல மனுசன். “மாத்தயாகென் அஹன்ன ஓன, நங்கி” என்று சிங்களத்தில், மேலே கேட்க வேண்டும் என்றாராம். மேலே இருந்தவர்கள் தட்டும் ‘பறிமுதல் செய்யப்பட்ட சொத்தின் உள்ளடக்கம்’ என்றார்களாம். அவித்த இடியப்பம், உள்ளடக்கம்! அது வெயிலில் பூட்டிய வானுக்குள் கிடந்து புளித்தது.

அவள் என் மேசைக்கு வந்தபோது அழவில்லை. கையில் இன்னும் மா. “சேர், நான் கட்டினனான்” என்றாள். “ஒரு மாசமும் விடேல்லை.”

மேலாளரிடம் போனேன். வெளிக் கம்பனியைக் கேட்டார். ரொஷான் என்பவர் அந்தக் கட்டடத்துக்குப் போனதே இல்லை, தொலைபேசியில்தான் தொடர்புகொண்டார் என்று பதில் வந்தது.

“பற்றுச்சீட்டு இல்லை. சாட்சி இருக்கா?” என்றார் மேலாளர்.

சாட்சி இருந்தது. அதுதான் துன்பம். காசு கை மாறியதை மூன்று தடவையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் பர்வதம் அக்கா. அவரைக் கூட்டிவரச் சொன்னேன்.

சுகந்தி தலையை ஆட்டினாள். “ஏலாது சேர்.”

“ஏன் ஏலாது?”

“நான் அவவிட்ட எத்தினை பொய் சொல்லிப்போட்டன். தங்கச்சிக்கு அந்த இடம் வந்தது, இந்த இடம் வந்தது எண்டு. இப்ப போய், எல்லாம் கடன், நாங்கள் கடன்காரர் எண்டு எப்பிடிச் சொல்லுறது? பிறகு அந்த மாடியில நாங்கள் நடமாடேலுமே? தங்கச்சிக்கு உண்மையா ஒரு இடம் வந்தாலும், விசாரிக்கிறவை முதல் தட்டிறது அவவின்ர கதவைத்தான். வான் போனா போகட்டும்.”

வான் போனால் இடியப்பம் போகும். இடியப்பம் போனால் வாடகையும் மருந்தும் போகும். அது அவளுக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அவளை ஏசியும் விட்டேன். “மானத்தை வைச்சு இடியப்பம் அவிக்கேலாது பிள்ளை. அவன் உம்மட வாயை மூட ஒரு பூட்டும் போடேல்லை. நீர்தான் பூட்டித் திறப்பையும் அவனிட்டக் குடுத்தனீர்.” ஏசி முடித்தபோது, திறப்பு வைத்திருந்த பொடியனையும் அவனை அனுப்பியவர்களையும் விட்டுவிட்டு இவளை ஏசுகிறேனே என்று தோன்றியது. அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை வரவேற்பறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி சுகந்தி. மற்றவர் பர்வதம் அக்கா. கோயிலுக்குப் போகும் சேலை, மடியில் கைப்பை, முகத்தில் போர்.

இரவு முழுக்க நித்திரையில்லாமல் கிடந்து, விடிய சுகந்தி எதிர்க்கதவைத் தட்டியிருக்கிறாள். “அக்கா, அவர் புரோக்கர் இல்லை. முதல் வந்தவரும் இல்லை. நாங்கள் கடன்.” பர்வதம் அக்கா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாராம்.

“எங்கட வீட்டை ஒரு இன்சூரன்ஸ்காரர் வாறவரெல்லே, சிவப்பு பாக் ஒண்டோட?”

“ஓம் அக்கா.”

“அவர் இன்சூரன்ஸ் இல்லையடி. குகன்ர லோன். இந்த மாடியில நான் ஒருத்திதான் பொய் சொல்லுறன் எண்டெல்லோ இவ்வளவு நாளும் வெக்கப்பட்டுக்கொண்டு இருந்தனான்!”

மேலாளர் ரொஷானையும் உடனே வரவழைத்தார். அவன் வந்தான், வாசனையோடு. மேலாளர் கேட்டார், அவன் சொன்னான்: கொட்டாஞ்சேனைப் பக்கம் போனதேயில்லை, இந்த அம்மாவைக் கண்டதேயில்லை, அக்காவோடு போனில் மட்டும்தான். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் ஏதோ சட்டம் பேச வாயெடுத்தேன். பர்வதம் அக்கா கையை உயர்த்தி என்னை மறித்துவிட்டு, பொடியனிடம் மிகச் சாதாரணமாகக் கேட்டார்:

“தம்பி, என்ர பொடியன்ர குறிப்பு என்ன மாதிரி?”

“பொருத்தம் பாக்கக் குடுத்திருக்கு அம்மா” என்றான் ரொஷான்.

சொல்லிவிட்டு அவனே தன் வாயைப் பார்ப்பதுபோலக் கண்ணைக் கீழே இறக்கினான். மேலாளர் பேனையை மேசையில் வைத்தார்.

“பதிவுக் காசு எண்டு என்னட்டையும் வாங்கினவன் ஐயா உவன்” என்றார் பர்வதம் அக்கா, மேலாளரிடம். “இந்தப் பிள்ளை காசு குடுக்கேக்க நான் பக்கத்துக் கதிரையில இருந்தனான். மூண்டு தரம். ஒருக்கா எண்ணிக்கூடக் குடுத்தனான்.”

வான் திரும்பி வந்தது. ரொஷான் வாங்கிய காசைக் கணக்கில் வரவு வைத்தார்கள். கம்பனி அனுப்பிய கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல் இல்லை; ‘தகவல் இடைவெளியினால் ஏற்பட்ட அசௌகரியம்’ என்றிருந்தது. புளித்த இடியப்பத்துக்கு ஒரு வரியும் இல்லை. ரொஷானை வேலையால் நிறுத்தினார்களா என்று விசாரித்தேன். வேறு பகுதிக்கு மாற்றியிருக்கிறார்களாம். அங்கேயும் கதவுகள் இருக்கும். கதவுகளுக்கு எதிரே கதவுகள் இருக்கும். நான் எழுதிய அறிக்கைக்கு, ஓய்வுபெறும்வரை பதில் வரவில்லை.

ஆகவே தர்ஷினி கேட்ட பாடம் இதுதான். யாராவது வந்தால், அல்லது போன் எடுத்தால், பெயரையும் கம்பனியையும் கேளுங்கள். அன்றைக்கு எதற்கும் ஓம் சொல்லாதீர்கள், எதையும் கட்டாதீர்கள். உங்களிடம் உள்ள ஒப்பந்தத்தை எடுத்து, அதில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே போன் போட்டு, இந்த ஆளிடம் என் கடனைக் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் கடிதத்தில் தரச் சொல்லுங்கள். உங்களால் கொண்டுபோகக்கூடிய தொகையை நீங்கள் சொல்லுங்கள். அவன் சொல்லும் தொகைக்குத் தலையாட்டினால் இரண்டாம் மாதம் விழுவீர்கள். ஒழுங்கை எழுத்தில் வாங்கியபின் கட்டுங்கள். கம்பனியின் கணக்குக்குக் கட்டுங்கள். தனி ஆளின் கணக்கு என்றால் அது கள்ளனின் கணக்கு. கையில் காசு கேட்டால் அவனைப் படியிறக்குங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைக்காதீர்கள். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை எமனுக்கும் சொல்லாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று: உங்களுக்குக் கடன் இருப்பதை அயலில் ஒரே ஒருவருக்காவது நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் ரொஷானிடம் விற்கச் சரக்கு இல்லை. இதை எந்தக் கையேட்டிலும் போடமாட்டார்கள். போட்டால் பாதி வசூல் கம்பனிகள் கடையைப் பூட்ட வேண்டிவரும்.

இதை எழுதுமுன் சுகந்தியிடம் அனுமதி கேட்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இப்போதும் இடியப்பம்தான், வானின் கடன் முடிந்துவிட்டது. தங்கச்சிக்குக் கல்யாணமாகி அவள் வேறு மாடிக்குக் குடிபோய்விட்டாள், புரோக்கர் யாரும் இல்லாமலே. இரண்டு கதவும் திறந்து கிடந்தன. பஸ்ஸில் எனக்கு நடந்ததையும் சொன்னேன். சுகந்தி என் பாடத்தை எனக்கே ஒப்புவித்தாள்.

“அந்த ஆளின்ர பேரைக் கேட்டனீங்களோ சேர்?”

“இல்லை.”

“கடிதம் அனுப்பச் சொன்னனீங்களோ?”

“பஸ்ஸுக்குள்ள எப்பிடிப் பிள்ளை? பக்கத்தில எங்கட செயலாளர் நிண்டவர்.”

எதிர்வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த பர்வதம் அக்கா தலையை நிமிர்த்தினார்.

“அவருக்குக் கேக்க, ‘கலியாணப் புரோக்கரே, பிறகு கதைக்கிறன்’ எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிருக்கலாமே ஐயா? எங்கட வீட்டுக்கு இவ்வளவு காலம் வந்து போனனீங்கள், இதைக்கூடப் பழகேல்லையே?”